ஏற்றத்துக்கு முன்பே கியரை மாற்றுங்கள்

(புதுச்சேரியில் நடைபெற்ற ஆசிரியர் பணியிடைப் பயிற்சியின் நிறைவு நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பயிற்சியின் கடைசி நாள், மதிய உணவு முடிந்த நேரம். இந்த நேரத்தில் பேச வருபவரின் நிலைமையும் கடைசிப் பாடவேளை ஆசிரியரின் நிலைமையும் ஒன்றுதான். அதனால் கோட்பாடுகள் எதையும் பேசப் போவதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன், மே மாத விடுமுறையில், நானும் எங்கள் பள்ளியின் அறிவியல் ஆசிரியையும் புதுச்சேரியிலிருந்து மாஹே வரை சைக்கிளில் போனோம். பன்னிரண்டு நாட்கள், ஏறத்தாழ எழுநூறு கிலோமீட்டர், நடுவில் நீலகிரியும் வயநாடும். அந்த நாட்களில் என்ன சாப்பிட்டோம், எங்கே தூங்கினோம், எப்படி ஏறினோம் என்று சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். சொல்கிறேன். ஆனால் ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். அது எனக்குப் பெருமை தரும் கதை அல்ல.

ஒரு கேள்வி

நான் சமூக அறிவியல் ஆசிரியை. ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் இந்திய வரைபடத்தில் நம் நான்கு பகுதிகளையும் குறிக்கச் சொன்னேன். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம். இரண்டு தமிழ்க் கரையில், ஒன்று ஆந்திரத்தில், ஒன்று கேரளத்தில். ஒரு மாணவன், பெயர் வேண்டாம், எழுந்து கேட்டான்: “டீச்சர், இங்கேர்ந்து மாஹே போனா நடுவுல என்னெல்லாம் இருக்கும்?”

அவன் வரைபடத்தைப் பார்த்தேன். மாஹேயைக் கிழக்குக் கரையில் குறித்திருந்தான். “நடுவுல என்ன இருக்குன்னு அப்புறம் பாக்கலாம். முதல்ல மாஹே எந்தக் கடலோரம் இருக்குன்னு கண்டுபிடி” என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவன் பத்தாம் வகுப்புக்கு வரவில்லை. வீட்டில் வருமானம் குறைந்தது, அப்பாவுக்கு உடல்நலமில்லை, தொடர்ந்து பல பாடங்களில் தோல்வி என்று காரணங்கள் பல. ஒரு பிள்ளை பள்ளியை விட்டு நிற்பதற்கு ஒரே ஒரு சிரிப்பு காரணமாக இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கணக்கில் என் சிரிப்பும் ஒரு வரியாக இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

இரண்டு வருடம் கழித்து, முத்தியால்பேட்டைப் பக்கம் ஒரு சைக்கிள் கடையில் அவனைப் பார்த்தேன். சக்கரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, கம்பி கம்பியாகத் தட்டிக் கோணல் எடுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றான். “வணக்கம் டீச்சர்” என்றான். அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது. பேருந்தில் போயிருக்கலாம். ஆனால் பேருந்தில் போனால் நடுவில் இருப்பது தூக்கம் மட்டும்தான். அறிவியல் ஆசிரியை (என்னைவிட மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன்) தினமும் பள்ளிக்குச் சைக்கிளில் வருபவர். அவரிடம் சொன்னேன். “போலாமா?” என்றார். அவ்வளவுதான்.

மாணவனிடம் பாடம்

எனக்கு அப்போது வயது 47. புதுச்சேரி நகரமோ தட்டையான ஊர். நம் கோரிமேட்டுச் செம்மண் மேட்டுக்கு பிரெஞ்சுக்காரர்கள் ‘சிவப்பு மலைகள்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மலை இல்லாத ஊரில் மேடுதான் மலை. மூன்று மாதம் விடியற்காலையில் அந்த மேட்டில் ஏறி இறங்கித்தான் பழகினோம்.

சைக்கிளைப் பராமரிக்க அந்த மாணவனிடமே கற்றுக்கொண்டோம். பஞ்சர் ஒட்டுவது கேட்பதற்கு எளிது. டயரை ஒரு பக்கம் நெம்பி எடுக்க வேண்டும், டியூபை உருவி, காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைப் பார்க்க வேண்டும். அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை பொறுத்திருந்து, பிறகு பேட்ச் ஒட்ட வேண்டும். நான் நான்கு முறை செய்தேன். நான்கு முறையும் காற்று இறங்கியது. காயும்வரை பொறுக்காததுதான் காரணம். ஒவ்வொரு முறையும் அவன் சொன்னது ஒன்றுதான்: “பரவால்ல டீச்சர், இன்னொரு தடவ கழட்டுங்க.” ஐந்தாவது முறை நின்றது.

வகுப்பில் நான் ஐந்தாவது முறை வரை யாருக்கும் காத்திருந்ததில்லை. இரண்டாவது முறைக்கே என் குரல் உயர்ந்துவிடும்.

கியரையும் அவன்தான் விளக்கினான். நம் வீடுகளில் இருக்கும் சாதாரண சைக்கிளில் பெடல் பக்கத்துச் சக்கரத்தில் 44 பல், பின்சக்கரத்தில் 18 பல் இருக்கும். பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று சுற்றும், சைக்கிள் 5.4 மீட்டர் முன்னே போகும். நாங்கள் வாங்கிய கியர் சைக்கிளின் மிகச் சிறிய கியரில் முன்னால் 28 பல், பின்னால் 34 பல். பெடலை ஒரு சுற்று சுற்றினால் 1.8 மீட்டர்தான் போகும். அதாவது அதே தூரத்துக்கு மூன்று மடங்கு சுற்ற வேண்டும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் மூன்றில் ஒரு பங்கு அழுத்தினால் போதும். செய்யும் வேலையின் மொத்த அளவு மாறுவதில்லை. அதைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்துக் கொடுப்பதுதான் கியரின் வேலை.

கடைசியாக ஒன்று சொன்னான்: “ஏத்தம் வர்றதுக்கு முன்னாடியே கியர மாத்திடணும் டீச்சர். பாதி ஏத்தத்துல அழுத்திக்கிட்டே மாத்துனா செயின் கழண்டுக்கும்.” தலையாட்டினேன். மாணவர்கள் நம்மிடம் தலையாட்டுவார்களே, அதே மாதிரி.

ஒரு நாளின் கால அட்டவணை

திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், அரூர், சேலம், பவானி, சத்தியமங்கலம், மேட்டுப்பாளையம் என்று ஏழு நாள் சமவெளி. மே மாத வெயில் என்பதால் கால அட்டவணையை வெயில்தான் போட்டது. நாலு மணிக்கு எழுந்து நாலரைக்குக் கிளம்புவோம். முதல் டீக்கடையில் டீயும் பன்னும், ஏழரைக்கு இட்லி. பத்தரை மணிக்குள் அன்றைய தூரத்தில் பெரும்பகுதியை முடித்துவிட வேண்டும். பிறகு புளியமரத்தடி, கோயில் மண்டபம், பேருந்து நிழற்குடை. நாலு மணிக்குமேல் மீதித் தூரம். இரவு எளிய விடுதியில் தங்கல். போனதும் முதல் வேலை துணி துவைப்பது. ஆளுக்கு இரண்டே செட் உடைகள். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். அதன் பிறகு செயினைத் துடைத்து எண்ணெய் விட்டு, டயரை விரலால் தடவி முள்ளோ கண்ணாடியோ இருக்கிறதா என்று பார்ப்பது. எட்டரைக்குத் தூக்கம்.

ஆளுக்குப் பத்துக் கிலோவுக்குக் குறைவான சுமை. முதல் நாள் என் பையில் இரண்டு புத்தகங்கள் இருந்தன. செஞ்சியிலேயே அவற்றை வீட்டுக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

பெண்கள் சாலையில் போகும்போது முதல் கேள்வி எங்கே தூங்குவது என்பது அல்ல, கழிப்பறை. பெட்ரோல் பங்குகளை நம்பித்தான் போனோம். இரண்டாம் நாள், அடுத்த பங்க் எங்கே இருக்கிறதோ என்ற பயத்தில் நான் தண்ணீரே குடிக்காமல் ஓட்டினேன். செங்கத்துக்கு முன்னால் தலை சுற்றி, கெண்டைக்காலில் தசை பிடித்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். அக்கா உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துவிட்டுக் கேட்டார்: “நம்ம ஸ்கூல் பொண்ணுங்களும் இப்படித்தான் தண்ணி குடிக்காம இருக்காங்க, தெரியுமா?” தெரியும். ஆனால் அதுவரை அது எனக்கு ஒரு தகவல்தான். அந்தப் புளியமரத்தடியில்தான் அது வலியாகத் தெரிந்தது. ஊர் திரும்பியதும் நாங்கள் செய்த முதல் வேலை, மாணவியர் கழிப்பறையின் கதவுத் தாழ்ப்பாளையும் குழாயையும் தலைமை ஆசிரியரிடம் சொல்லிச் சரிசெய்ததுதான். அதற்கு ஒரு திட்டமும் தேவைப்படவில்லை, ஒரு தச்சரும் ஒரு குழாய் பழுதுபார்ப்பவரும் போதுமானதாக இருந்தது.

பிரான்சில் பால் தெ விவி என்பவர் இருந்தார். 1853இல் பிறந்தவர். சேந்த் எத்தியேன் நகரில் சைக்கிள் வணிகமும் சைக்கிளுக்கென ஒரு பத்திரிகையும் நடத்தியவர். வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதினார். நெடுந்தூரம் போகிறவர்களுக்கு அவர் வகுத்த விதிகளில் ஒன்று: பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி. செங்கத்துக்குப் பிறகு அந்த விதியை நாங்கள் மீறவில்லை. மலைச் சாலைக்குப் பல கியர்கள் தேவை என்று விடாமல் வாதாடியவரும் இவர்தான். அந்தக் காலத்துப் பந்தய வீரர்கள் அதைக் கௌரவக் குறைவாக நினைத்தார்கள். 1903இல் தொடங்கிய தூர் தெ பிரான்சு போட்டியில், ஓட்டிக்கொண்டே செயினை மாற்றும் கியர் 1937 வரை அனுமதிக்கப்படவில்லை. உதவி வாங்குவது பலவீனம் என்ற எண்ணம் வகுப்பறையில் மட்டும் இருப்பதல்ல.

மஞ்சவாடிக் கணவாய்

நான்காம் நாள் அரூரிலிருந்து சேலம். வழியில் மஞ்சவாடிக் கணவாய். எங்கள் முதல் ஏற்றம். நீலகிரியோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. அந்த நினைப்பில் பெரிய கியரிலேயே போனேன். பாதி ஏற்றத்தில் கால் நின்றுவிட்டது. அப்போதுதான் கியரை மாற்றினேன், முழு பலத்தோடு அழுத்திக்கொண்டே. செயின் ஒரு முறை கத்திற்று, கழன்றது. சைக்கிள் நின்றது, நான் விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்பு.

மாணவன் சொன்ன வார்த்தை அப்போதுதான் உள்ளே போனது. அங்கேயே, செயின் கறை படிந்த கையோடு நிற்கும்போது, எனக்கு எங்கள் பள்ளியின் குறைதீர் கற்பித்தல் வகுப்புதான் நினைவுக்கு வந்தது. எப்போது தொடங்குகிறோம்? அரையாண்டுத் தேர்வு மதிப்பெண் வந்த பிறகு. அதாவது பிள்ளை பாதி ஏற்றத்தில் கால் நின்று, செயின் கழன்று, விழுந்த பிறகு. அதன் பிறகு மாலை வேளையில் தனியாக உட்காரவைத்து, மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்தபடி படிக்கச் சொல்கிறோம். நாம் கொடுப்பதும் சிறிய கியர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் கொடுக்கும் இடம் தவறு.

குன்னூர் ஏற்றம்

எட்டாம் நாள் மேட்டுப்பாளையம். விடியற்காலை ஐந்து மணிக்குப் பவானி ஆற்றுப் பாலத்தைத் தாண்டினோம். சீசன் காலத்தில் வண்டிகளைக் குன்னூர் வழியாக ஏறவும் கோத்தகிரி வழியாக இறங்கவும் விடுவார்கள். எதிரே வண்டி குறைவு என்பது எங்களுக்கு வசதி.

வகுப்பில் பயன்படும் என்று அக்கா அன்று குறித்துவைத்த கணக்கைச் சொல்கிறேன். மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர், குன்னூர் நிலையம் 1,710 மீட்டர். வித்தியாசம் 1,385 மீட்டர். சாலை நீளம் 33 கிலோமீட்டர் என்று வைத்தால், சராசரியாக நூறு மீட்டர் போனால் நான்கு மீட்டருக்குச் சற்று மேல் ஏறுகிறோம். நான், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 90 கிலோ. நிறையை ஈர்ப்பு முடுக்கத்தாலும் உயரத்தாலும் பெருக்கினால் சுமார் 12 லட்சம் ஜூல், அதாவது 290 கிலோ கலோரி. நம் உடல் உணவின் ஆற்றலில் கால் பங்கைத்தான் இயக்கமாக மாற்றும், மீதி வெப்பமாகப் போய்விடும். ஆக உடல் செலவழிக்க வேண்டியது ஏறத்தாழ 1,170 கிலோ கலோரி. ஓர் இட்லிக்கு அறுபது என்று வைத்தால் இருபது இட்லி. அக்கா இதைப் பர்லியாற்றில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, நாங்கள் வைத்திருந்த வாழைப்பழச் சீப்பை ஒரு குரங்கு எடுத்துக்கொண்டு போய்விட்டது. “இருபதுல நாலு போச்சு” என்றார்.

கல்லாறு தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. இந்த முறை முதல் வளைவுக்கு முன்பே சிறிய கியருக்கு மாறிவிட்டேன். மணிக்கு ஆறு கிலோமீட்டர். வேகமாக நடப்பவர் எங்களைத் தாண்டிவிடலாம். அக்கா எனக்கு முன்னால் போய்விட்டார். ஒவ்வொரு வளைவிலும் நான் வரும்வரை நின்றார். நான் வந்து சேர்ந்ததும் உடனே கிளம்பமாட்டார். நான் மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, “சரி” என்ற பிறகே காலை எடுப்பார். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கடைசியில் வருபவர்களுக்குத்தான் தெரியும். முன்னால் போனவர்கள் ஓய்வெடுத்து முடித்திருப்பார்கள். பின்னால் வந்தவர் வந்ததும் கிளம்பிவிட்டால், களைத்தவருக்கு ஓய்வே கிடைக்காது. “எல்லாருக்கும் புரிஞ்சுதா? சரி, அடுத்த பாடம்” என்று நான் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்!

ஏழு மணிக்குமேல் பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்திலிருந்து மலை ரயிலின் ஊதல் கேட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இலும், ஊட்டி வரை 1908இலும் ஓடத் தொடங்கிய ரயில். 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை சரிவு அதிகம், செங்குத்தான இடத்தில் ஏறத்தாழ பன்னிரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம். வழுவழுப்பான இருப்புப் பாதையில் சக்கரம் வழுக்கும் என்பதால், நடுவில் பற்கள் வைத்த தண்டவாளம் போட்டு, இயந்திரத்தின் பல்சக்கரம் அதைப் பற்றிப் பற்றி ஏறுகிறது. ஊட்டி வரையுள்ள 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம் ஆகும். கீழே இறங்க மூன்றரை மணி நேரம். யாரும் அந்த ரயிலை மந்தமான ரயில் என்று சொல்வதில்லை. டிக்கெட் கிடைக்கவில்லை என்றுதான் வருத்தப்படுகிறார்கள்.

பகல் ஒரு மணிக்குக் குன்னூர். அங்கே அக்காவுக்குத் தெரிந்த ஓர் ஆசிரியர் வீட்டில் தங்கினோம். பையில் வைத்திருந்த சிப்ஸ் பாக்கெட் பந்து மாதிரி உப்பியிருந்தது. கீழே அடைத்த காற்று உள்ளே அப்படியே இருக்க, வெளியே காற்றழுத்தம் குறைந்துவிட்டது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும் என்று பல வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அன்று இரவு இரண்டு கம்பளிக்குள் படுத்துக்கொண்டு அதை உடம்பால் படித்தேன்.

இறங்குவதற்கும் பாடம் உண்டு. அடுத்த நாள் ஊட்டி, பைக்காரா தாண்டி நடுவட்டத்திலிருந்து கூடலூர் இறக்கம். ஏற்றத்தில் காலுக்கு வேலை, இறக்கத்தில் கைக்கும் மனத்துக்கும் வேலை. பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வந்தால் சக்கரத்தின் விளிம்பு கொதிக்கும், பிரேக் கட்டை தேயும். பிடித்து விட்டு, பிடித்து விட்டு வர வேண்டும். இரண்டு வளைவுக்கு ஒருமுறை நின்று விளிம்பு ஆறவிட்டோம். நன்றாகப் போகிறவர்களுக்கும் நாம் நிற்கக் கற்றுத்தர வேண்டும்.

நடுவில் இருப்பது

இப்போது அந்த மாணவனின் கேள்விக்கு வருகிறேன். நடுவில் என்ன இருக்கிறது? மலை இருக்கிறது என்று சொல்லிவிடலாம். நாங்கள் பார்த்தது தண்ணீர்.

ஐந்தாம் நாள் பவானி கூடுதுறையில் குளித்தோம். பவானி ஆறு காவிரியோடு சேரும் இடம். எட்டாம் நாள் மேட்டுப்பாளையத்தில் அதே பவானியைப் பாலத்தில் தாண்டினோம். ஒன்பதாம் நாள் மலை உச்சியில் பைக்காரா. 1932இல் மின் உற்பத்தி தொடங்கிய பழைய நீர்மின் நிலையம் இந்த ஆற்றில்தான். பைக்காரா கீழே இறங்கி மாயாறு ஆகிறது, மாயாறு பவானியில் சேர்கிறது, பவானி காவிரியில். ஆக எங்களுக்கே தெரியாமல் ஒரே தண்ணீரை எதிர்த்துத்தான் ஏறிவந்திருக்கிறோம். அந்தத் தண்ணீர் வந்து சேருவது நம் வங்கக் கடலில்.

கூடலூரைத் தாண்டினால் கதை மாறுகிறது. அங்கே பாண்டியாறு மேற்கே ஓடிச் சாலியாற்றில் கலந்து அரபிக் கடலுக்குப் போகிறது. சரி, மலையைத் தாண்டிவிட்டோம், இனி எல்லாத் தண்ணீரும் மேற்கே என்று நினைத்தேன். மறுநாள் யானை நடமாட்டம் உள்ள பகுதி என்று ஊர்க்காரர்கள் சொன்னதால், வெயில் ஏறிய பிறகு கிளம்பி, பாட்டவயல் வழியாகச் சுல்தான் பத்தேரி போனோம். வயநாட்டுக்குள் நுழைந்தால், அங்கே ஓடும் தண்ணீர் மறுபடியும் கிழக்கே! கபினி ஆற்றின் கிளைகள் அவை. கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கு நோக்கி ஓடுபவை மூன்றே மூன்று: கபினி, பவானி, பாம்பாறு. கபினி கர்நாடகத்துக்குப் போய்க் காவிரியில் சேர்கிறது. கல்பெற்றா, பிறகு குற்றியாடிச் சுரத்தின் உச்சி. அங்கேதான் உண்மையான முகடு. இந்தப் பக்கம் விழும் மழைத்துளி காவிரி வழியாக வங்கக் கடலுக்கு, அந்தப் பக்கம் விழுவது குற்றியாடி ஆற்றில் அரபிக் கடலுக்கு. என் வகுப்பில் அது வரைபடத்தில் ஒரு பழுப்பு நிறப் பட்டை. நேரில், ஒரு டீக்கடையும் மூடுபனியும்.

பன்னிரண்டாம் நாள் மாலை மாஹே. ஒன்பது சதுர கிலோமீட்டர் பரப்பு. மய்யழி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தோம். நம் ஊரில் சூரியன் கடலில் எழும், அங்கே கடலில் விழுகிறது. அக்கா சிறிது நேரம் பேசவில்லை. நான் அழுதேன், காரணம் களைப்பு என்று அவரிடம் சொன்னேன்.

திரும்பி வந்த பிறகு

திரும்பும்போது ரயில். வந்ததும் ஒரு வரைபடத்தை எடுத்துக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனேன். “ஒன்பதாம் வகுப்புல நீ ஒரு கேள்வி கேட்ட. பதில் கொண்டு வந்திருக்கேன்” என்றேன். அவனுக்கு நினைவிருந்தது. அன்று நான் சிரித்ததும் நினைவிருந்தது. அதை அவன் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்தது. “அன்னைக்கு நான் சிரிச்சது தப்புப்பா” என்றேன். இருபத்து மூன்று வருடப் பணியில் ஒரு மாணவனிடம் நான் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல்முறை.

வழியைக் காட்டினேன். ஆறுகளை விரலால் தொடர்ந்தான். பிறகு கேட்டான்: “அப்ப ஒரே மேகந்தான், ஆனா மழ எந்தக் கடலுக்குப் போகணும்னு மலதான் முடிவு பண்ணுது. அப்படித்தான டீச்சர்?” நீர்ப்பிரிமேடு என்ற சொல்லை நான் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். யாரும் அதை எனக்கு அவ்வளவு தெளிவாகத் திருப்பிச் சொன்னதில்லை.

அவனைப் பள்ளிக்குத் திரும்ப அழைத்தேன். வர முடியாது, வீடு அவன் சம்பளத்தில் ஓடுகிறது. தேசிய திறந்தநிலைப் பள்ளியில் சேர்த்தோம். அங்கே ஒருமுறை பதிவு செய்தால் ஐந்து ஆண்டுகள் செல்லும். ஒன்பது தேர்வு வாய்ப்புகள். ஒவ்வொரு பாடமாக எழுதித் தேறலாம், தேறிய மதிப்பெண் அழியாது. அதாவது சிறிய கியர், அதே மலை. ஐந்து பாடங்களில் இதுவரை மூன்றில் தேறியிருக்கிறான். கணக்கும் அறிவியலும் மீதி. ஞாயிற்றுக்கிழமை மாலையில் அக்கா வீட்டில் படிக்கிறான். கணக்கில் முதல் முயற்சியில் தேறவில்லை. “பரவால்ல, இன்னொரு தடவ கழட்டு” என்றேன். சிரித்தான்.

என் வகுப்பில் இரண்டே மாற்றங்கள் செய்தேன். புதிய அலகு தொடங்கும் முன், அந்தப் பாடத்துக்கு எது அடிப்படையோ அதை ஐந்து நிமிடம் சோதித்துப் பார்க்கிறேன். மதிப்பெண் கிடையாது. வரைபடப் பாடத்துக்கு முன் இப்படிப் பார்த்தபோது, வகுப்பில் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு வரைபடத்தில் மேற்கு எது என்று தெரியவில்லை. முன்பானால் அரையாண்டுத் தேர்வில்தான் அது எனக்குத் தெரிந்திருக்கும். இப்போது ஒரு பாடவேளையை எல்லாரையும் மைதானத்தில் நிறுத்தித் திசை பார்க்கச் செலவிடுகிறேன். அந்த ஒரு பாடவேளை பின்னால் பல பாடவேளைகளை மிச்சப்படுத்துகிறது. இரண்டாவது, கடைசியில் வந்து சேரும் பிள்ளை மூச்சு வாங்கும்வரை கிளம்புவதில்லை.

பாடத்திட்டம் முடியுமா என்று கேட்பீர்கள். நானும் பயந்தேன். முதல் வருடம் ஒரு பாடம் பின்தங்கினேன். இரண்டாம் வருடம் பின்தங்கவில்லை. எல்லாரும் தேறிவிட்டார்களா என்றால் இல்லை. ஆனால் வெற்றுத்தாள் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள்.

நாளை மறுநாள் பள்ளி திறக்கிறது. நம் எல்லாருடைய வகுப்பிலும் மாஹேயைக் கிழக்குக் கரையில் குறிக்கும் ஒரு பிள்ளை இருக்கும். அந்தப் பிள்ளை ஏதோ ஒரு கேள்வி கேட்கும். பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. சிரிக்காமல் இருப்போம். ஏற்றம் இன்னும் தொடங்கவில்லை, கியரை மாற்ற இதுதான் நேரம்.